எல்லோருக்கும் பூஜ்யம்

படம் தொல்குனின் கைப்பேசிக்கு வந்து சேர்வதற்குள் கிர்கிஸ்தானின் தலாஸ் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அதைப் பார்த்து, திட்டி, அடுத்தவருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஒரே படத்தில் இரண்டு திரைகள். இடப்பக்கம் மதகடியில் இருக்கும் பொதுத்திரையில் யாரோ திறந்துவைத்த ஒரு பட்டியல்: 'மேல் மதகு ஓட்டம்', 'கீழ் மதகு ஓட்டம்' என்று வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். வலப்பக்கம் தொல்குனின் சொந்த மடிக்கணினி. அதே பெயர்கள்தான், ஆனால் எதிரே நீள நீளமான எண்கள். அடியில் ஒரு வரி: "நமக்குப் பூஜ்யம். முராப்போட தங்கச்சிக்கு மட்டும் கணக்கு."

தொல்குன் படத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்தாள். பொய்ப் படமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இரண்டு பக்கமும் நிஜம், அதுதான் வம்பு.

பிஷ்கெக்கிலிருந்து விடிந்ததும் கிளம்பியவள் வழியில் எங்கும் நிற்கவில்லை. ஓட்மோக் கணவாய் ஏறுகிற இடத்தில் குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் விற்கிற பெண்கள் புட்டியைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டார்கள். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. வளைவுகளில் கார் திணறியது. அவள் ஒரு கையால் ஓட்டி மறு கை நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். இறக்கத்தில் அவள் வேலை பார்க்கிற நிறுவனத்தின் முதலாளி மர்லேன் அழைத்தார்.

"படத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே. அங்கதான் போயிட்டிருக்கேன். போய் எடுத்துச் சொல்றேன்."

"சொல்லாத, காட்டிடு. அந்த அமைப்பை 'எல்லாருக்கும் காட்டு'ன்னு வச்சுட்டு சாயங்காலம் வந்து சேரு. பெட்டியைப் பிடுங்கி வாய்க்கால்ல போட்டாங்கன்னா அடுத்த வருஷம் ஒரு ஊர்க்காரனும் நம்ம வாசல்ல நிக்கமாட்டான்."

"காட்டினா, கொஞ்சம் விவரம் தெரிஞ்சவன் எவனும் பெட்டிக்குள்ள பூந்துடுவான்."

"பூந்து? அது பீன்ஸுக்குத் தண்ணி விடுற பெட்டி புள்ள. அணுகுண்டா?"

"அந்தத் தண்ணிக்குத்தான் எங்கண்ணன் காது போச்சு" என்றாள் தொல்குன்.

மர்லேன் "பாத்துப் பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காது போனது சென்ற கோடையில். மேலூர் அக்-தாஷுக்கும் கீழூர் கோக்-சாய்க்கும் ஒரே வாய்க்கால். பீன்ஸ் பூக்கிற ஜூலையில் இரண்டு ஊரும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டே தூக்கத்தைத் தொலைக்கும். தண்ணீரைப் பங்கு வைக்கிற முராப், தொல்குனின் அண்ணன் ஷர்ஷென். சொந்த ஊர் கோக்-சாய் என்றாலும் இரண்டு ஊரும் சேர்ந்துதான் அவனை நியமித்திருந்தன. ஷட்டரை யாரும் திருட்டுத்தனமாகத் திறக்காமல் இருக்க இரவெல்லாம் மதகடியிலேயே காவல் கிடப்பான். ஓர் இரவு பின்னாலிருந்து மண்வெட்டிக் காம்பு இறங்கியது. அதோடு இடது காது செத்தது. அடித்தவன் எந்த ஊர் என்று அவன் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பகலானாலும் இரவானாலும் இடப்பக்கமாகவே படுப்பான். நல்ல காது மேலே இருக்க வேண்டும், மதகு அசைந்தால் கேட்க வேண்டும் என்று. அவன் பெண்டாட்டி, "என் பக்கம் மூஞ்சியத் திருப்பிப் படுத்தே வருஷமாச்சு" என்று தொல்குனிடம் சிரித்தபடி சொன்னாள். சொன்னவள் கண் சிரிக்கவில்லை.

அதற்காகத்தான் இந்த வசந்தத்தில் தொல்குன் மதகடியில் வைத்த அந்தப் பெட்டி. இரண்டு ஷட்டரையும் தானே பார்த்துச் சரிசமமாகத் திறக்கும், அடைக்கும். எத்தனை தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று பொதுத்திரையில் பெரிய எழுத்தில் ஓட்டும். மனிதன் விழித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஊரும் ஒரே ஒரு நிபந்தனை போட்டன: பெட்டி எதையும் மறைக்கக் கூடாது. ஊருக்கொரு பிரதிநிதிக் கணக்கு வேண்டும், அதன் வழியாக உள்ளே போய் எதையும் திறந்து பார்க்க முடிய வேண்டும். தொல்குன் ஒப்புக்கொண்டாள், ஒன்றே ஒன்றைத் தவிர.

பெட்டிக்குள் ஓடும் நிரல்களுக்கெல்லாம் ஒரு எஜமான் உண்டு. கெர்னல் என்று பெயர். ஷட்டர் மோட்டாரைத் தொடுவதும், யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வதும் அதன் கையில். தன் உறுப்புகளை நினைவகத்தில் எந்தெந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது அதன் பரம ரகசியம். ஒவ்வொரு முறை பெட்டியைத் தொடங்கும்போதும் இடங்களைக் கலைத்துப் போட்டுக்கொள்ளும். அந்த இடங்களின் முகவரிகள்தான் படத்தில் இருந்த நீள எண்கள். அவற்றுக்கும் தண்ணீருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அவற்றை யாருக்குக் காட்டலாம் என்பதற்கு மூன்று நிலை உண்டு: எல்லோருக்கும் காட்டு; முழு அதிகாரம் உள்ளவருக்கு மட்டும் காட்டு; யாருக்கும் காட்டாதே. தொல்குன் நடு நிலையில் வைத்திருந்தாள். முழு அதிகாரம் உள்ளவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அந்தப் பட்டியலைத் திறந்தால் பெயர் தெரியும், எதிரே பூஜ்யம் தெரியும்.

வினை அந்தப் பெயர்களில் இருந்தது. உலகமெல்லாம் இந்த உறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறார்கள். நம் வாய்க்காலுக்கு நம் மொழியில் வைத்தால் என்ன என்று ரோஷப்பட்டு, 'மேல் மதகு ஓட்டம்', 'கீழ் மதகு ஓட்டம்' என்று கிர்கிஸ் மொழியிலேயே வைத்தாள். ஆங்கிலத்தில் வைத்துத் தொலைத்திருந்தால் ஒருத்தருக்கும் புரிந்திருக்காது, ஒரு வம்பும் வந்திருக்காது. போதாக்குறைக்கு 'மேல்' முதலில் ஏறி உட்கார்ந்தது, 'கீழ்' அதற்கு அடுத்தது. அடுத்த இடத்தின் முகவரி பெரிய எண்ணாகத்தானே இருக்கும்? படத்தைப் பார்க்கிறவனுக்கு, கீழூருக்கு அதிகத் தண்ணீர்.

வலப்பக்கப் படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஜூனில் வந்தபோது மதகடிப் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தாள். அக்-தாஷின் பிரதிநிதி எலமான் பின்னால் நின்று, "தேநீர் ஆறிடப்போகுது அக்கா" என்று கிண்ணத்தை நீட்டினான். நகரத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்துவிட்டு, இந்த வருடம் பெரிய அளவில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பீன்ஸ் போட்டிருப்பவன். மரியாதையான பையன் என்று நினைத்தாள். ஊர் ரகசியத்தையெல்லாம் மறைக்கத் தெரிந்தவளுக்குத் தன் முதுகை மறைக்கத் தெரியவில்லை.

மதகடியில் காரை நிறுத்தியபோது இரண்டு ஊரும் கூடியிருந்தது. கல்பாக் தொப்பிகளும் தலைத்துண்டுகளும், அவற்றுக்கு நடுவே மண்வெட்டிகள். யாரோ ஒருவன் கடப்பாரையும் கொண்டுவந்திருந்தான். ஷர்ஷென் பெட்டி இருந்த இரும்பு அலமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தான். முகத்தில் களை இல்லை.

"வந்துட்டாங்கய்யா கணக்குப்பிள்ளை!" என்றது ஒரு குரல். அக்-தாஷ் புரூல். புருஷன் மாஸ்கோவில் கொத்து வேலைக்குப் போயிருக்க, ஒற்றை ஆளாக நிலத்தைப் பார்ப்பவள். அவள் பேசினால் மேலூரே பேசியது போல.

"புரூல் அக்கா, சுகமா? புள்ளைங்க சுகமா? ஆடு மாடெல்லாம் எப்படி இருக்கு?" முறையை விடாமல் தொல்குன் கேட்டாள்.

"புள்ளைங்க சுகம், ஆடு மாடு சுகம். பீன்ஸ்தான் செத்துக்கிட்டிருக்கு. அது ஏன்னு உன் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுச் சொல்லு."

எலமான் முன்னால் வந்தான். குரல் தேனாக இருந்தது. "அக்கா, நாங்க சண்டைக்கு வரல. பெட்டி எதையும் மறைக்காதுன்னுதானே பேச்சு? அப்போ இது என்ன?" கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான்.

"அது தண்ணிக் கணக்கு இல்ல. தண்ணிக் கணக்கு அதோ பெரிய எழுத்துல ஓடுது, ரெண்டு பக்கமும் சமம். இது பெட்டியோட உள் உறுப்பு எங்க இருக்குங்கிற எண்ணு."

"எண்ணுதானே?" என்றார் ஒரு கிழவர்.

"எண்ணுதான் தாத்தா, ஆனா..."

"கீழூர் எண்ணு மேலூர் எண்ணைவிடப் பெருசா இல்லியா?"

"பெருசுதான், ஆனா..."

"அவ்வளவுதான் கேட்டேன்" என்று அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இரைந்தது. கீழூர்க்காரன் ஒருவன், "எங்களுக்கு அதிகம்னா எங்க பீன்ஸ் ஏன்டா காயுது?" என்று கத்த, "நீங்க குடிச்சுத் தீத்துட்டீங்க" என்று மேலூர்ப் பக்கமிருந்து பதில் வந்தது. ஒரு மண்வெட்டி உயர்ந்து, யோசித்து, இறங்கியது.

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?" என்றாள் புரூல். "எங்களுக்கும் காட்டு. காட்டமாட்டேன்னா இப்பவே பெட்டியப் பேத்துடுறோம். உங்கண்ணன் பழையபடி ராத்திரி காவல் நிக்கட்டும். ரெண்டு ஊர் ஆம்பளைங்களும் கூடவே நிக்கட்டும், மண்வெட்டியோட."

ஷர்ஷென் நல்ல காதைத் திருப்பி இதைக் கேட்டான். மெல்ல அவளருகே வந்தான்.

"காட்டிடு தொல்குன்."

"அண்ணா, நீயுமா?"

"உன் எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது புள்ள. எல்லாரும் மண்வெட்டியக் கீழ வைக்காமலே பேசுறாங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியுது."

அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு கட்டளை அடித்தால் போதும், அத்தனை பூஜ்யமும் எண்ணாக மாறிவிடும். சண்டை தீர்ந்தது, மர்லேனுக்குத் திருப்தி, அண்ணனுக்கும் இன்றைக்கு ஆபத்தில்லை. ஆனால் நாளைக்கு? மடிக்கணினியைப் பெஞ்சில் வைத்து, இம்முறை சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பதிவுகளைப் புரட்டினாள். சென்ற வாரத்திலிருந்து பெட்டி அடிக்கடி தடுக்கிக்கொண்டிருந்தது. விழவில்லை, சமாளித்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு தடுக்கலுக்கும் சற்று முன்னால் அக்-தாஷ் பிரதிநிதிக் கணக்கில் யாரோ உள்ளே இருந்திருக்கிறார்கள். இருட்டில் சுவரைத் தட்டித் தட்டி எங்கே பொந்து என்று தேடுகிற மாதிரி. பொந்து கிடைத்துவிட்டது, அதற்குள் எந்தப் பக்கம் கையை நீட்டுவது என்றுதான் தெரியவில்லை. அதைச் சொல்லப் போகிறவை அந்த எண்கள்; படத்தில் அகப்பட்டவை சில வரிகள்தான், தேடுகிறவனுக்கு முழுப் பட்டியலும் வேண்டும்.

நிமிர்ந்து எலமானைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது? அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அக்-தாஷ் கடைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. யார் வேண்டுமானாலும் நுழைந்திருக்கலாம். ஆதாரமில்லாமல் இந்தக் கூட்டத்தில் ஒரு பெயரை எடுத்தால் அது இன்னொரு மண்வெட்டி. இடதோ வலதோ, இன்னொருத்தன் காது போகும். சொல்வதில்லை என்று முடிவு செய்து அவள் மேலூர்ப் பக்கம் திரும்பினாள்.

"புரூல் அக்கா, ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டு மரப்பெட்டி மேல மெத்தைங்கள மடிச்சு அடுக்கி வச்சிருப்பீங்கல்ல?"

"எந்த வீட்ல இல்ல?"

"பீன்ஸ் வித்த காசை எங்க வைப்பீங்க?"

கூட்டத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. புரூலுக்கு முகம் சிவந்தது. "அது உனக்கெதுக்கு?"

"அந்த அடுக்குலதான் ஒரு மெத்தைக்குள்ள இருக்கும், எங்கம்மாவும் அங்கதான் வப்பாங்க. வீட்டுக்குள்ள திருடன் வந்தாலும், எந்த மெத்தைன்னு தெரியாம ஒவ்வொண்ணாப் பிரிக்கிறதுக்குள்ள நாய் குலைச்சுடும். அந்த எண்ணு எவ்வளவு காசுங்கிற கணக்கு இல்லக்கா. எந்த மெத்தைங்கிறதுதான். அதை நான் திரையில போட்டா இங்க நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் நல்லவங்கதான். எவனாவது ஒருத்தன் இல்லேன்னா, ராத்திரி ஷட்டர் அவன் கையில."

புரூல் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கிழவர், "மெத்தையா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு விளக்கம் பெற்றுக்கொண்டிருந்தார்.

"சரி" என்றாள் புரூல் கடைசியில். "எந்த மெத்தைன்னு எனக்குத் தெரிய வேணாம். என் மருமகளுக்கே நான் சொன்னதில்ல. ஆனா உனக்கு மட்டும் ஏன் தெரியணும்? பங்கு வைக்கிறவன் உங்கண்ணன். மெத்தை தெரிஞ்சவ நீ. எங்க இடத்துல நீ இருந்தா ராத்திரி தூங்குவியா?"

தொல்குன் வாயைத் திறந்தாள். பெட்டி கெட்டால் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு அந்த முகவரிகள் வேண்டும் என்று சொல்ல நினைத்தாள். அது உண்மைதான். ஆனால் புரூல் கேட்டதும் உண்மை. தான் நல்லவள் என்பது அவளுக்குத் தெரியும். அது கூட்டத்துக்கு எப்படித் தெரியும்?

"தெரிய வேணாம்" என்றாள். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. "எனக்கும் தெரிய வேணாம். யாருக்கும் காட்டாத மாதிரி வச்சுடுறேன். அதிகாரம் இருக்கிறவளுக்கும் பூஜ்யம், இல்லாதவங்களுக்கும் பூஜ்யம்."

"ரொட்டி மேல சத்தியம் பண்ணுவியா?"

யாரோ பையிலிருந்து வட்ட ரொட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். தொல்குன் இரண்டு கையாலும் வாங்கினாள். பிஷ்கெக்கில் வாழ்கிறவள்தான், விஞ்ஞானம் படித்தவள்தான். ஆனாலும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வராது. வாய் வரைக்கும் வந்த சத்தியம் அங்கேயே நின்றுவிட்டது. பிஷ்கெக்கில் மேஜையில் உட்கார்ந்தபடியே அவள் இந்தப் பெட்டிக்குள் நுழைய முடியும். இன்றைக்கு மூடியதை நாளைக்கு அங்கிருந்தே திறக்க முடியும். மாட்டேன்தான். ஆனால் முடியும்.

"என்ன, ரொட்டி சுடுதா?" என்றாள் புரூல்.

"இன்னொரு கதவு இருக்கு அக்கா. பிஷ்கெக்குலேருந்தே நான் உள்ள வர்ற கதவு. அதையும் அடைக்கணும். அப்பதான் சத்தியம் பண்ண முடியும்." அடைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவள் தனக்கே நேரம் கொடுக்கவில்லை. "இனிமே முழு அதிகாரத்தோட உள்ள போகணும்னா இந்த அலமாரியத் திறந்து கேபிள் சொருகினாத்தான் ஆகும். அலமாரிக்கு ரெண்டு பூட்டு போடுங்க, ஊருக்கு ஒண்ணு. முன்னே ஷட்டர் சக்கரத்துக்குப் போட்டிருந்தோமே, அதே மாதிரி. ரெண்டு ஊரும் நின்னு பாக்காம நான்கூடத் தொட முடியாது."

கிழவர் தலையாட்டினார். இரண்டு பூட்டு அவருக்குப் புரிந்தது.

அப்போதுதான் எலமான் குறுக்கே வந்தான். "அது எப்படி? பெட்டி கெட்டா யார் சரிபண்றது? இந்தக்கா கண்ணைக் கட்டிக்கிட்டு எப்படிப் பாப்பாங்க? மறைக்காதேன்னுதானே சொன்னோம், இது இன்னும் மறைக்கிறதாச்சே! எல்லாருக்கும் காட்டச் சொல்லுங்க, அதான் நியாயம். வேணும்னா நானே பாத்து ஊருக்குச் சொல்றேன்."

அவன் குரலில் இருந்த தேன் வற்றிவிட்டிருந்தது.

புரூல் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவளுக்குத் தெரியுது, நமக்குத் தெரியலன்னு இத்தனை நாளா நீதானே குதிச்சே? இப்போ இவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதுக்கப்புறமும் உனக்கு மட்டும் என்னடா அரிப்பு?"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். எலமான் சிரிக்க முயன்றான். "எனக்கென்ன, ஊருக்காகச் சொன்னேன்" என்றான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. "அந்தப் படம் எல்லார் ஃபோன்லயும் இருக்கு" என்றாள் தொல்குன். "அதுல இருக்கிற மெத்தை நிஜம். அடுக்கைக் கலைச்சு மறுபடி அடுக்கணும், பெட்டிய அணைச்சுத் தொடங்கணும். அதுக்கு ரெண்டு ஷட்டரும் கொஞ்ச நேரம் மூடும். யாரும் பயப்படாதீங்க."

பயப்படாதீர்கள் என்றால் பயப்படாமல் இருக்க அது என்ன பாட்டுக் கச்சேரியா? ஜூலையில் வாய்க்காலை அடைப்பது, இழுத்துக்கொண்டிருக்கிறவன் மூக்கைப் பொத்துவது மாதிரி. ஷட்டர்கள் கரகரவென்று இறங்கின. தண்ணீர்ச் சத்தம் நின்றது. பொதுத்திரை கறுத்தது. தொல்குன் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தத்துக்குப் பிறகு பெட்டியை அணைத்ததே இல்லை. எழுந்திருக்காமல் போனால்? கடப்பாரைக்காரன் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டான். மேலே தேங்கிய தண்ணீர் கரையை நக்கத் தொடங்கியது.

"என்னாச்சு?" என்றான் ஷர்ஷென்.

"இரு."

"என்னாச்சு புள்ள?"

"இருண்ணா!"

திரை ஒருமுறை மினுங்கியது. எழுத்துகள் ஓடின. மோட்டார் முனகியது, இரண்டு ஷட்டரும் ஒன்றாக மேலே ஏறின, தண்ணீர் இரண்டு பக்கமும் பாய்ந்தது. யாரோ ஒருவன் சுயுஞ்சு என்று கத்தினான், நல்ல சேதி கொண்டுவந்தவர் பரிசு கேட்டுக் கத்துகிற சொல் அது. வேறு யாரோ அவன் முதுகில் ஒன்று வைத்தார்கள்.

தொல்குன் பட்டியலைத் திறந்து மடிக்கணினியைப் புரூல் பக்கம் திருப்பினாள். முழு அதிகாரத்தோடு திறந்த பட்டியல். மேல் மதகு ஓட்டம், பூஜ்யம். கீழ் மதகு ஓட்டம், பூஜ்யம். புரூல் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வரி வரியாகத் திரையைத் தடவிக்கொண்டே போனாள், எங்காவது ஓர் எண் ஒளிந்திருக்கிறதா என்று. பொதுத்திரைக்குப் போய் ஊர்க் கணக்கில் அதே பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று கூட்டத்துக்குச் சொன்னாள்.

தொல்குன் தன் கதவையும் அடைத்தாள். அடைத்துவிட்டு ரொட்டியைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். பிறகு அந்த ரொட்டியைப் பிய்த்துக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தார்கள். மேலூர் ஒரு பூட்டைப் போட்டது, கீழூர் ஒரு பூட்டைப் போட்டது. மண்வெட்டிகள் தோளில் ஏறின. வந்த வழியே வயல்களுக்குப் போயின. எலமானின் கார் எப்போது கிளம்பியது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

புரூல் மட்டும் போகும்போது நின்றாள். "கோவிச்சுக்காத. உன்னை நம்பாம இல்ல."

"நம்பலதான் அக்கா."

"நம்பலதான்" என்று ஒப்புக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள்.

மர்லேனிடமிருந்து மூன்றாவது முறையாக அழைப்பு வந்தது. தொல்குன் எடுக்கவில்லை. என்ன சொல்வது? பெட்டி பிழைத்துவிட்டது, ஆனால் அதற்குள் ஒரு பொந்து இருக்கிறது, அதை யாரோ தட்டிக்கொண்டிருக்கிறான், நான் என் கண்ணை நானே கட்டிக்கொண்டுவிட்டேன், இனி ஒவ்வொரு தடுக்கலுக்கும் இரண்டு கணவாய் தாண்டி வந்து இரண்டு ஊரைக் கூட்ட வேண்டும் என்றா? அலுவலகத்தில் இதே போன்ற பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத் தட்டித் தட்டித்தான் பொந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் இங்கே அதற்குள் கையை நீட்டக் கற்பதற்கு முன்னால் அவள் அங்கே அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இன்றைக்கே போனால்கூட நாளைக்குத்தான் தொடங்க முடியும். இதையெல்லாம் நினைக்க நினைக்கக் கால் தரையில் நிற்கவில்லை. கார்ச்சாவியைத் தேடினாள், அது கையிலேயே இருந்தது.

அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று திரும்பினாள். மதகின் கீழ்ப்புறம் பாப்ளர் மர நிழலில், கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து ஷர்ஷென் படுத்திருந்தான். பட்டப்பகல், ஈக்கள் மொய்த்தன. வாய்க்கால் அவனுக்கு அரைமுழத்தில் இரைந்தது.

"அண்ணா" என்றாள்.

அசையவில்லை. பக்கத்தில் போனாள், இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பயந்து குனிந்து பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவன் வலப்பக்கமாகப் படுத்திருந்தான். நல்ல காது கோட்டுக்குள் புதைந்திருந்தது. செத்த காது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஊர்ப் பிரதிநிதிக் கணக்கில் பெட்டிக்குள் போனாள். பட்டியல் முழுக்கப் பூஜ்யம். எதுவும் தெரியவில்லை. ஷட்டர் சற்று முனகினாலும் திடுக்கிட்டு நிமிர்ந்து, அதன் பக்கம் காதைக் கொடுத்து, மறுபடி பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷர்ஷென் தூங்கினான்.